வாழைமர நோட்டு: நம்பர் இல்லாத பணத்தைப் படிப்பது எப்படி?

தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டைப் பக்கம் பழைய வீட்டை இடிக்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோ ட்ரங்குப் பெட்டியின் அடியில் சில சாமான்கள் திரும்பத் திரும்பக் கிடைக்கும். ஓட்டைக் காலணா. மலாயா ராஜா தலை போட்ட சென்ட் காசு. அதற்கும் கீழே, பழைய கடிதங்களோடு மடித்து வைத்த ஒரு காகிதக் கட்டு. பிரித்தால் வாழை மரம், தென்னை, ஆங்கிலத்தில் "ஜப்பானிய அரசாங்கம்" என்று பெரிய எழுத்து. வீட்டுக்காரர்கள் இதை "சப்பான் காசு" என்பார்கள். மலேசியத் தமிழர்கள் "வாழைமர நோட்டு" என்பார்கள். மலாய்க்காரர்களும் அப்படித்தான்: டூயிட் பீசாங், வாழைப்பழக் காசு.

பழைய நாணயம் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தொடமாட்டார்கள். "கிலோ கணக்கில் கிடைக்கும், விலை போகாது" என்று ஒதுக்கிவிடுவார்கள். விலை போகாது என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் நான் இதைத்தான் அதிகம் தேடுகிறேன். ஒரு பணம் எப்படிப் படிப்படியாகச் செத்தது என்பதை இந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே படிக்கலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு லென்ஸ், ஒரு சாதா டார்ச், ஒரு யூ.வி. டார்ச் போதும்.

முதலில் இது எப்படி நம்ம ஊர்ப் பெட்டிக்குள் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போனவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. மற்ற ஊர்க்காரர்கள் பலர் தனியாளாகப் போனபோது, கடையநல்லூர் முஸ்லிம்கள் குடும்பத்தோடு போனார்கள். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பக்கம் அவர்களுக்கென்று ஒரு குடியிருப்பே இருந்தது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-இல் தொடங்கியது. அதே வருஷம் டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. அடுத்த மூன்றரை வருஷம் அங்கே இருந்த நம்ம ஆட்களுக்குக் கப்பலும் கிடையாது, மணியார்டரும் கிடையாது, ஊருக்குக் கடிதமும் கிடையாது. சம்பாதித்தது எல்லாம் இந்தக் காகிதத்தில்தான். போர் முடிந்து ரஜூலா மாதிரிக் கப்பல்கள் மறுபடி ஓட ஆரம்பித்தபோது, பெட்டியோடு இதுவும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கரை இறங்கியது.

செங்கோட்டைக்காரனுக்கு இரண்டு நாட்டுப் பணம் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். பக்கத்திலேயே தென்காசிக்குப் போனால் அது பிரிட்டிஷ் இந்தியா. அந்த ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். சந்தைக்குப் போகிற கிழவிகூட அந்த அரைச் சக்கரத்தை விடமாட்டாள். ஒரு அரசாங்கத்தின் பணம் எல்லையைத் தாண்டினால் மதிப்பு மாறும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் மதிப்பு அடியோடு இல்லாமல் போகும் என்பதை வாழைமர நோட்டுதான் கற்றுக் கொடுத்தது.

இனி நோட்டுக்கு வருவோம். பத்து டாலரை எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் அதிகம் கிடைக்கும். வாழைத்தார் தொங்கும் மரம் இதில்தான் இருக்கிறது. மொத்தப் பணத்துக்கும் பெயர் வந்ததும் இதனால்தான். முன்பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாக்குறுதி: இதைக் கொண்டுவருபவர் கேட்டவுடன் பத்து டாலர் தர ஜப்பானிய அரசாங்கம் உறுதியளிக்கிறது. நம்ம ரிசர்வ் வங்கி நோட்டில் கவர்னர் சொல்லும் அதே வகை வாசகம். கீழே ஜப்பானிய எழுத்தில் "மகா ஜப்பானியப் பேரரசின் அரசாங்கம்" என்று இருக்கும்.

இப்போது இல்லாததைத் தேடுங்கள். தேதி இல்லை. கையெழுத்து இல்லை. எந்த வங்கி என்று இல்லை. எங்கே போய்க் கேட்டால் தருவார்கள் என்று இல்லை. நாட்டின் பெயரே இல்லை. மலாயா என்ற சொல் நோட்டில் எங்குமே கிடையாது. அப்புறம் எப்படி இது மலாயா நோட்டு என்று சொல்கிறோம்? சிவப்பு மையில் அடித்த இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்து எம் என்றால் மலாயா. பி என்றால் பர்மா. பிலிப்பைன்சுக்கு வேறு பி (ஆங்கிலத்தில் பதினாறாவது எழுத்து). எஸ் என்றால் டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த இந்தோனேசியத் தீவுகள். ஓ என்றால் பசிபிக் தீவுகள். டாலர், ரூபாய், பெசோ, கில்டர், ஷில்லிங் என்று அந்தந்த ஊர்ப் பணத்தின் பெயரையே வைத்துக்கொண்டு, ஒரே அச்சில் வார்த்த மாதிரி எல்லா ஊருக்கும் அடித்தார்கள். முதல் தொகுதிகளைப் போர் தொடங்குவதற்கு முன்பே ஜப்பானில் தயார் செய்துவிட்டார்கள். ஊரைப் பிடிப்பதற்கு முன்னால் ஊரின் பணத்தை அச்சடித்து மூட்டை கட்டி வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் திகைப்புதான்.

இரண்டாவது எழுத்தும் முக்கியம். அது அச்சுத் தொகுதியைக் காட்டும். அதற்குப் பக்கத்தில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு டாலர், ஐந்து டாலர், பத்து டாலர் நோட்டுகளில் ஆரம்பத்தில் வந்தவற்றுக்கு மட்டும் வரிசை எண் உண்டு. இவைதான் அரிது, கிடைத்தால் விடாதீர்கள். பிறகு வந்தவற்றில் எழுத்து மட்டும்தான், எண் கிடையாது. சென்ட் நோட்டுகளுக்கு முதலிலிருந்தே எண் இல்லை.

எண் இல்லாததை ஒரு சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நோட்டில் எண் இருந்தால் எத்தனை அடித்தோம் என்று அடித்தவருக்கே ஒரு கணக்கு இருக்கும். ஒரே எண்ணில் இரண்டு நோட்டு வந்தால் ஒன்று கள்ளநோட்டு என்று கடைக்காரன் சொல்லிவிடுவான். எண்ணை எடுத்துவிட்டால் இரண்டும் போய்விடும். இனிக் கணக்கு வைக்கப் போவதில்லை என்று அந்த அரசாங்கம் நோட்டின் மேலேயே எழுதிக் கொடுத்த மாதிரி. கள்ளநோட்டுக்காரர்களுக்கும் இது கொண்டாட்டமாகப் போனது.

அடுத்தது காகிதம். டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். முதலில் வந்த நோட்டுகளில் பூ வடிவ நீர்க்குறி தெரியும். கடைசியில் வந்த பத்து டாலரில், எம்-பி எழுத்துத் தொகுதியில், நீர்க்குறி போய்விட்டது. சாதாக் காகிதத்தில் பட்டு நூலிழைத் துணுக்குகள் மட்டும் கிடக்கும். அச்சையும் லென்ஸில் ஒப்பிடுங்கள். முதலில் வந்ததில் மேகத்தின் கோடுகள் தனித்தனியாகத் தெரியும். பிந்தியதில் மேகம் மசமசவென்று கலங்கியிருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால், போரில் யார் தோற்றுக்கொண்டிருந்தார்கள் என்று வரலாற்றுப் புத்தகம் படிக்காமலே சொல்லலாம்.

மூன்றாவது, முகமதிப்பு. 1942-இல் வந்த தொகுதியில் பெரியது பத்து டாலர்தான். 1944-இல் நூறு டாலர் வந்தது. 1945-இல் ஆயிரம் டாலர் வந்துவிட்டது, மாட்டு வண்டிப் படத்தோடு. ஆரம்பத்தில் வாழைமர டாலரும் பழைய பிரிட்டிஷ் மலாயா டாலரும் சமம் என்று ஆணை. மக்கள் என்ன செய்தார்கள்? ராஜா தலை நோட்டை ஒளித்து வைத்துக்கொண்டு வாழைமரத்தைச் செலவழித்தார்கள். படைக்குச் சாமான் வாங்க, கூலி கொடுக்க, எல்லாவற்றுக்கும் அச்சடித்துத் தள்ளினார்கள். மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியை பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கித் தின்ற நாடு. போரில் அந்த வரத்து அறுந்துவிட்டது. சாமான் குறையக் குறையப் பணம் கூடிக்கொண்டே போனது. மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்த கதையை அந்தத் தலைமுறை ஆட்கள் எல்லாரும் சொல்வார்கள். கடைசியில் சந்தைக்குப் பணத்தைக் கூடையில் கொண்டுபோய்ச் சாமானைப் பையில் கொண்டு வந்தோம் என்பார்கள். இதை வெறும் மிகைப்படுத்தல் என்று நான் ஒதுக்குவதில்லை.

எனக்கு இந்த வரிசையிலேயே மனதை உறுத்துகிற நோட்டு 1945-இன் நூறு டாலர். பழுப்பு நிறம். வலது பக்கம் ரப்பர் தோட்டம். அதில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள்தான். பணத்தில் தொழிலாளியின் படம் வந்துவிட்டது, ஆனால் எப்போது? உலக ரப்பர் சந்தை துண்டிக்கப்பட்டு, தோட்டத்தில் வேலை சுருங்கி, அந்தத் தொழிலாளிகளை லாரியில் ஏற்றி சயாமுக்கு அனுப்பி முடித்த பிறகு. 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து அங்கே போனவர்கள் ஏறத்தாழ 75,000 பேர்; பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் எத்தனை ஆயிரம் பேர் போனார்கள் என்று இன்றும் துல்லியமான பட்டியல் கிடையாது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் "சயாம் மரண ரயில்" என்று நாவலே எழுதியிருக்கிறார். அங்கே கூலி என்று கொடுத்ததும் இதே மாதிரிக் காகிதம்தான். உயிரோடு திரும்பியவன் கையில் அது இருந்தது. கொஞ்ச நாளில் அதற்கும் உயிர் இல்லை.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை சிங்கப்பூருக்குத் திரும்பியது. வாழைமர நோட்டு செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். மாற்றித் தருகிற பேச்சே இல்லை. ஒளித்து வைத்த ராஜா தலை நோட்டு மட்டும் செல்லும். யார் பிழைத்தார்கள் என்று பாருங்கள்: போருக்கு முன்பே கையில் மிச்சம் வைத்திருந்தவர்கள். அன்றாடக் கூலிக்காரனிடம் ஒளித்து வைக்க என்ன இருந்திருக்கும்?

கடன் விவகாரம் இதைவிடச் சிக்கல். போருக்கு முன் வாங்கிய நல்ல டாலர்க் கடனைச் சிலர் 1944, 45-இல் வாழைமர நோட்டைக் கொட்டி அடைத்துவிட்டார்கள். கொடுத்தவர் வாங்கமாட்டேன் என்று சொல்ல முடியாது, ஜப்பான்காரன் கத்தி இருக்கிறது. போர் முடிந்ததும் கோர்ட்டில் இது பெரிய வழக்காகி, 1948-இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு அட்டவணை உண்டு: எந்த மாதத்தில் எத்தனை வாழைமர டாலர் கொடுத்திருந்தால் அது எத்தனை உண்மை டாலருக்குச் சமம் என்று இறங்குமுகமாக ஒரு கணக்கு. ஆக, இந்த நோட்டுக்கு மாதவாரி மதிப்பு போட்டுச் சட்டமே இருந்தது. ஆனால் அது கடன் கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் நடுவில் மட்டும். பெட்டியில் நோட்டு வைத்திருந்தவனுக்கு அல்ல.

கடையநல்லூர் பக்கம் ஒரு வீட்டில் இந்த நோட்டைப் பார்க்கப் போயிருந்தேன். மாமனார் கொண்டுவந்தது என்று ஒரு பெரியம்மா ஒரு கட்டைக் கொடுத்தார்கள். அத்தனையும் பத்து டாலர். நான் லென்ஸை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "இது எப்பவாவது மாறுமா தம்பி? மாமா சாகும்வரை பத்திரமா வைன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க." நோட்டு இருக்கிற எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி இது. சட்டப்படியான பதில் ஒன்று இருக்கிறது, அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

ஜப்பானோடு 48 நாடுகள் கையெழுத்திட்ட சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தம் 1951-இல் நடந்தது. அதில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை; 1952 ஜூன் 9-இல் டோக்கியோவில் தனியாக ஒரு சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டது. நேரு அரசு ஜப்பானிடம் பெருந்தன்மையாக நடந்துகொண்டது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். போர் இழப்பீடு எதுவும் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. அதே ஒப்பந்தத்தில், போர்க்காலத்தில் ஜப்பான் செய்தவற்றால் எழும் இந்தியாவின் கோரிக்கைகளை மட்டுமல்ல, இந்தியக் குடிமக்களின் கோரிக்கைகளையும் சேர்த்து விட்டுக்கொடுத்துவிட்டது. அரசியல் ரீதியாக அதற்கு நியாயம் உண்டு. தோற்றுக் கிடக்கிற ஆசிய நாட்டை மேலும் பிழியக் கூடாது என்று நினைத்தார்கள். எனக்கும் அது பிடித்த நிலைப்பாடுதான். ஆனால் கடையநல்லூர்ப் பெட்டியில் இருந்த கட்டின் கணக்கும் அந்தப் பெருந்தன்மையில் சேர்ந்துவிட்டது. பெட்டிக்காரரை யாரும் கேட்கவில்லை.

மற்ற ஊர்க்காரர்கள் கேட்டுப் பார்க்காமல் இல்லை. பிலிப்பைன்சில் நோட்டு வைத்திருந்தவர்கள் சங்கம் வைத்து, நோட்டின் மேல் சங்கத்தின் முத்திரை குத்தி, அமெரிக்கக் கோர்ட் வரை போனார்கள். 1967-இல் தோற்றுவிட்டார்கள். அந்த முத்திரை குத்திய நோட்டு இப்போது தனியாகச் சேகரிக்கப்படுகிறது. ஹாங்காங்கில் ஜப்பான் ராணுவ யென்னை வலுக்கட்டாயமாக வாங்கவைத்தார்கள். அங்கேயும் சங்கம், அங்கேயும் வழக்கு. டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 1999-இல் தள்ளுபடி செய்தது.

சீனாவின் கதை வேறு வகை. அங்கே ஜப்பான் தன் பெயரில் அடிப்பதோடு நிற்காமல், பொம்மை அரசாங்கங்களையும் அவற்றுக்கு வங்கிகளையும் வைத்து நோட்டு அடித்தது. நான்கிங்கில் 1941-இல் திறந்த மத்திய ரிசர்வ் வங்கி அதில் பெரியது. அந்த வங்கியின் 200 யுவான் நோட்டின் வேலைப்பாட்டுக்குள் லென்ஸ் வைத்துத் தேடினால் யு, எஸ், ஏ, சி என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் ஒளிந்திருக்கும். "அமெரிக்கப் படை வருகிறது" என்று செதுக்கியவர் ஒளித்து வைத்ததாகச் சேகரிப்பாளர்கள் படிக்கிறார்கள். ஜப்பான்காரன் மூக்குக்கு முன்னால் உட்கார்ந்து அந்தத் தகட்டைச் செதுக்கிய கைக்கு என்ன தைரியம்! நம்ம வாழைமரத்தில் அப்படி ஏதாவது இருக்குமா என்று ஓலை ஓலையாகத் தேடியிருக்கிறேன். வாழை வாழையாகத்தான் இருக்கிறது.

பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் வீட்டில் வேறு நோட்டு கிடைக்கும். ஆனால் ஒரு கணக்கு பாருங்கள். 1942 தொடக்கத்தில் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்து வந்தவர்கள் ஜப்பானுக்கு முன்னால் ஓடி வந்தவர்கள். அவர்கள் கையில் இருந்தது இந்திய ரூபாய், அல்லது "பர்மாவில் மட்டும் செல்லும்" என்று அச்சடித்த ரிசர்வ் வங்கி நோட்டு. ஜப்பானிய ரூபாய், அதாவது பி எழுத்து நோட்டு, ஒரு வீட்டில் இருந்தால் அந்த ஆள் ஆக்கிரமிப்புக் காலம் முழுக்க பர்மாவிலேயே இருந்திருக்க வேண்டும், அல்லது போருக்குப் பிறகு யாரிடமோ வாங்கியிருக்க வேண்டும். தாத்தா எப்போது வந்தார் என்று குடும்பத்தில் தகராறு இருந்தால், சில நேரம் நோட்டே சாட்சி சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை. நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வங்கி 1944 ஏப்ரலில் ரங்கூனில் தொடங்கியது உண்மை. மலாயாத் தமிழர்கள் தாலியைக்கூடக் கழற்றிக் கொடுத்ததும் உண்மை. ஆனால் அந்த வங்கியின் நோட்டு என்று சந்தையில் விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவற்றை நான் நம்புவதில்லை. லட்சம் ரூபாய் நோட்டு, நேதாஜி படம், பளபள காகிதம் என்றால் யூ.வி. டார்ச்சை அடித்துப் பாருங்கள். போர்க்காலக் காகிதம் மங்கலாகக் கிடக்கும். 1950-க்குப் பிறகு காகிதத்தில் வெளுப்பூட்டும் ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தார்கள், அது யூ.வி. வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். வாழைமர நோட்டிலும் போலி உண்டு, குறிப்பாக ஆயிரம் டாலரில். அதே சோதனை அதற்கும் பொருந்தும். மங்கலாக இருந்தால் அசல் என்று உறுதி இல்லை, ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம்.

விலையைக் கேட்பீர்கள். எண் இல்லாத, மடிந்த பத்து டாலர், பார்டர் கடையில் ஒரு புரோட்டா-கோழிச் சாப்பாட்டு விலைக்கே கிடைத்துவிடும். வரிசை எண் உள்ளது அதைவிடப் பல மடங்கு. மடிப்பே இல்லாத கட்டு என்றால் அது பெரும்பாலும் யார் கைக்கும் போகாமல் குடோனில் கிடந்தது. சேகரிப்பாளர்கள் அதற்குத்தான் அதிகம் கொடுப்பார்கள். நான் நாலாக மடித்து, ஓரத்தில் வியர்வைக் கறை பிடித்ததைத்தான் தேடுகிறேன். அது மடியில் இருந்த காசு.

வீட்டில் இருந்தால் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். குற்றாலச் சீசனில் நம்ம பக்கம் காற்றிலேயே தண்ணீர் இருக்கும். இரும்புப் பெட்டியில் வைத்தால் துரு நோட்டுக்கு ஏறிவிடும். பி.வி.சி. இல்லாத பிளாஸ்டிக் உறையில் தட்டையாக வைத்து, பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி வையுங்கள்: கொண்டுவந்தவர் பெயர், எந்த ஊரில் என்ன வேலை, எந்த வருஷம், எந்தக் கப்பல். அந்தப் பெரியம்மாவின் கட்டை நான் விலைக்குக் கேட்கவில்லை. இருபத்து மூன்று நோட்டு, அத்தனையும் எம்-பி, அதாவது கடைசிக் காலத்துத் தொகுதி. மாமனார் சிங்கப்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியதாகச் சொன்னார்கள். சீட்டில் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.